முட்டி மேல் இருக்கவேண்டிய கை

மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்டுவிடுகிறார்கள். லைசென்ஸ் வாங்கியாயிற்று சார், ஏர்லைனில் கேட்கிற அளவு மணி நேரம் கையில் இல்லை, கொஞ்ச நாள் இன்ஸ்ட்ரக்டர் வேலை பார்க்கலாமா, அது பின்னால் உதவுமா என்று. போன வாரம் புதுச்சேரியிலிருந்து ஒரு பெண் கேட்டது. நல்ல தெளிவான குரல். "எடும்மா, கண்டிப்பா உதவும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்தப் பெண் இன்னும் ஏதோ கேட்க வந்தது. எனக்குத்தான் அலுப்பாக இருந்தது.

நான் சொன்னது பொய்யில்லை. எனக்கு உதவியது. எப்படி உதவியது என்று சொல்லாமல் விட்டால் அது பாதிப் பொய். முப்பது வருஷம் உட்கார்ந்தே வேலை பார்த்து முதுகு போய்விட்டது. பாதிப் பொய்யையும் சேர்த்துத் தூக்க இனி தெம்பில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் காரைக்கால். அப்பா நகராட்சியில் எழுத்தர். அந்த அலுவலகத்தை அவர் கடைசிவரை மேரி என்றுதான் சொன்னார், பிரெஞ்சுக்காரன் வைத்த பெயர். எனக்கு அந்துவான் என்று பெயர் வைத்ததும் அந்தப் பழக்கத்தில்தான். சொந்தக்காரப் பையன்கள் காகிதம் சரிசெய்து பாரீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சமயத்தில், ஏரோப்ளேன் ஓட்டப் போகிறேன் என்று நான் போய் நின்றேன். அப்பா பேப்பரை மடிக்காமலே கேட்டார்: "ஏன்டா, ஓட்டியே தீரணும்னா பஸ் ஓட்டக்கூடாதா? அதாவது ஊருக்குள்ள வரும்."

பயிற்சி இரண்டு வருஷம். அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெயில், பெட்ரோல் வாசனை, நம் முறை வரும்வரை மர நிழலில் காத்திருப்பு. எழுபதுகளின் தொடக்கத்தில் லைசென்ஸ் கைக்கு வந்தது. வந்து என்ன? ஏர்லைன் விளம்பரம் எப்போதோ ஒன்று வரும். அதில் கேட்கிற மணி நேரம் என்னிடம் இருக்காது. மணி நேரம் சேர்க்க விமானம் வேண்டும், விமானத்துக்குப் பக்கத்தில் போக வேலை வேண்டும். என்னைப் போன்றவர்களுக்கு இருந்த ஒரே வாசல் இன்ஸ்ட்ரக்டர் வேலைதான். திருச்சிப் பக்கம் ஒரு பறக்கும் கழகத்தில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். அங்கே நடந்த தப்பு கழகத்துடையது அல்ல.

இருந்தது இரண்டு சின்ன விமானம். ஒன்று எப்போதும் கொட்டகையில் கழற்றிப் போட்டபடி இருக்கும். மற்றதில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்காரலாம். இடப்பக்கம் மாணவன், வலப்பக்கம் நாங்கள். ஓட்டுவதற்கு ஆளுக்கொரு ஸ்டிக். ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். அதாவது நான் என் ஸ்டிக்கில் விரலை வைத்தால்கூட அவன் கைக்குத் தெரிந்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குத் தலைமை இன்ஸ்ட்ரக்டர் ராஜகோபால். விமானப்படையிலிருந்து வந்தவர். சீஃப் என்போம். அவர் கத்தி நான் கேட்டதில்லை. ஓடுபாதை ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காலையில் முதல் விமானம் ஏறுவதிலிருந்து கடைசி விமானம் இறங்கும்வரை உட்கார்ந்திருப்பார். ஏறும்போது பார்க்கவே மாட்டார். இறங்கும்போதுதான் தலையைத் தூக்குவார். "ஏத்தறதுக்கு எஞ்சின் போதும். எறக்கறதுக்குத்தான் ஆளு வேணும்" என்பார்.

அவர் வைத்த முறை ஒன்றே ஒன்று. மாணவன் இறக்கும்போது இன்ஸ்ட்ரக்டரின் கை இரண்டும் அவரவர் முட்டி மேல் இருக்கவேண்டும். ஆபத்து என்றால் மட்டும் எடுக்கலாம். இறங்கி வந்ததும் விமானத்தோடு நாற்காலி முன்னால் போய் நிற்போம். ஒரே கேள்விதான் கேட்பார்.

"கை வெச்சீங்களா?"

வைத்தேன் என்றால் பயிற்சி நோட்டில் ஒரு கோடு. வைக்கவில்லை என்றால் ஒரு வட்டம். தொடர்ந்து மூன்று வட்டம் வந்துவிட்டால் மேலே பேச்சே கிடையாது. அங்கேயே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாங்கள் கதவைத் திறந்து இறங்கிவிட வேண்டும். மாணவன் தனியாக ஏறிப் போவான். அதுதான் சோலோ. யாருக்கும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பக்கத்து இருக்கை காலியாகும் அந்த நிமிஷம்தான் ஒருவனுக்குத் தான் விமானி என்று தெரியும். நாங்கள் ஓரத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

இனி மணிக்கணக்கு. மாணவனும் நானும் சேர்ந்து ஒரு மணி நேரம் பறந்தால், அந்த ஒரே மணி நேரம் இரண்டு பேர் லாக் புத்தகத்திலும் ஏறும். அவன் புத்தகத்தில் கற்றுக்கொண்ட நேரம் என்று, என் புத்தகத்தில் விமானத்தின் பொறுப்பில் இருந்த நேரம் என்று. ஏர்லைன் கேட்பது இந்த இரண்டாவதைத்தான். அவன் சோலோ போய்விட்டால் அந்த மணி அவனுக்கு மட்டும். நான் தரையில் நின்றதற்கு யார் என்ன எழுதுவார்கள்? ஆக நன்றாகச் சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்க எனக்கு மணி குறையும். இந்த வேலையில் இப்படி ஒரு முடிச்சு உண்டு. அதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

ஹமீது வந்தது நான் சேர்ந்த மூன்றாம் வருஷம். எங்கள் ஊர்ப் பையன்தான், காரைக்கால் மரைக்காயர் வீடு. அவன் அத்தாவுக்குக் கடைத்தெருவில் துணிக்கடை. இருபத்தொரு வயது, ஒல்லி, எதைச் சொன்னாலும் "சரி சார்" என்று சொல்லிவிட்டு உதட்டுக்குள் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொள்வான். மூத்த அண்ணன் துபாயில். அப்பாவை அவர்கள் வீட்டில் அத்தா, அண்ணனை நானா என்பார்கள்.

"நானா விசா எடுத்து வெச்சிருக்காரு சார். அத்தா ஒரே பேச்சுல சொல்லிட்டாங்க. நோன்புப் பெருநாளைக்குள்ள தனியாப் பறந்துட்டா, மேல படிக்க விடுறாங்களாம். இல்லேன்னா பெருநாள் முடிஞ்சு துபாய் கடைக்கு. நான் பறந்துருவேனா சார்?"

"கத்துக்கிட்டாப் பறந்துட்டுப் போற. இதுல என்ன?" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அவனிடம் கை இருந்தது. சிலருக்குக் காதால் கேட்டு வரும், சிலருக்குத் திட்டினால் வரும், இவனுக்கு உட்கார்ந்த இடத்திலேயே வந்தது.

நோன்பு பிறந்து சில நாளில் ஏர்லைன் விளம்பரம் வந்தது. கணக்குப் பார்த்தேன், எனக்கு இருபத்தெட்டு மணி நேரம் குறைந்தது. கடைசி நாள் ஏறக்குறைய பெருநாளை ஒட்டி. அந்தப் பருவத்தில் மாணவர்கள் மூன்றே பேர். ஒருவன் அம்மை போட்டு ஊருக்குப் போய்விட்டான். இன்னொருவன் வாரத்தில் இரண்டு நாள் வருவான். தினமும் வருகிறவன் ஹமீது ஒருத்தன்தான். என் இருபத்தெட்டு மணி நேரமும் அவன் இடப்பக்க இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தது.

சகர் சாப்பாடு முடித்துவிட்டு விடியற்காலையில் வந்து நிற்பான். வாயில் பச்சைத்தண்ணி கிடையாது. வெயில் ஏறுவதற்குள் பறந்து முடித்துவிடுவோம். அந்த நேரத்தில் காற்றே இருக்காது, பாதையோரத்துப் புல் அசையாது. பதினோரு மணி நேரம் அவன் புத்தகத்தில் ஏறியிருந்த ஒரு காலை, முதல் இறக்கம் சுத்தமாக வந்தது. வட்டம். இரண்டாவது அதைவிடச் சுத்தம். சின்ன விமானத்துக்கு வாலிலும் ஒரு சக்கரம் உண்டு. மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொட்டால்தான் நல்ல இறக்கம். தொட்டதே எனக்குத் தெரியவில்லை. நான் கை வைக்கவில்லை என்று தலையாட்ட, சீஃப் நாற்காலியிலிருந்தே விரலால் வட்டம் போட்டுக் காட்டினார்.

மூன்றாவது சுற்று. கடைசித் திருப்பம் முடிந்து பாதைக்கு நேராக வந்தோம். வேகம் சரி, உயரம் சரி. இவன் இறக்கிவிடுவான், நான் கதவைத் திறந்து இறங்கவேண்டியதுதான் என்று தெரிந்துவிட்டது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. இவன் இன்றைக்குப் போய்விட்டால் நாளையிலிருந்து என் புத்தகத்தில் என்ன ஏறும்? தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது என் வலது கை முட்டியிலிருந்து எழுந்து ஸ்டிக்கின் மேல் உட்கார்ந்தது. இழுக்கவில்லை, தள்ளவில்லை. வைத்தேன், அவ்வளவுதான்.

அவன் கை உடனே தளர்ந்தது. சார் வாங்கிக்கொண்டார் என்று நினைத்துவிட்டான். விமானம் ஒரு துள்ளு துள்ளி உட்கார்ந்தது.

"கை வெச்சீங்களா?"

"வெச்சேன் சார்."

பொய் சொல்லக்கூடாது என்றுதான் கை வைத்தேன். என் புத்தி அப்படி வேலை செய்தது. கை வைக்காமலே வைத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவன் ஆயிற்றே. அதனால் நிஜமாகவே வைத்துவிட்டு நிஜமாகவே சொன்னேன். தூ!

சீஃப் அன்றைக்கு மட்டும் இரண்டாவது கேள்வி கேட்டார். "எதுக்கு?"

"கடைசில மூக்கக் கொஞ்சம் லேட்டாத் தூக்கறான் சார்."

"இங்கேருந்து பாத்தாத் தெரியலியே." நோட்டைப் பிரித்தார். "சரி. உள்ள இருக்கறவர் நீங்கதான்." கோடு போட்டார்.

இறங்கி வரும்போது ஹமீது கேட்டான். "நான் என்ன சார் பண்ணேன்?"

"இன்னும் கொஞ்சம் பழகணும்" என்றேன்.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான். இரண்டு வட்டம் வந்துவிட்டால் மூன்றாவதில் என் கை எழும். ஐந்தாம் நாள் ஒன்று கவனித்தேன். அவன் என் கையை எதிர்பார்க்க ஆரம்பித்திருந்தான். தரை நெருங்கும்போது அவன் கண் பாதையில் இல்லை, ஓரக்கண் என் முட்டியில் இருந்தது. பாதையைப் பார்க்காதவன் எப்படி இறக்குவான்? தடால் தடால் என்று போட ஆரம்பித்தான். சும்மா வைத்துக்கொண்டிருந்த கையை நான் இப்போது உண்மையாகவே வைக்கவேண்டி வந்தது. அந்த நாளாவது நிறுத்தியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு நாளில் அவனுக்குப் பழையபடி வந்திருக்கும். சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஒன்பது மணி நேரம் வேண்டியிருந்தது.

அதற்கும் ஒரு வழி பண்ணினேன். "வா, மனசு மாற ஊரைப் பார்த்துட்டு வரலாம்" என்று சீஃபிடம் அனுமதி வாங்கி, அவனைக் கடற்கரைவரை கூட்டிப்போனேன். ஆற்றைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போனால் பச்சை முடிந்து அரசலாறு கடலில் கலக்கிற இடம் வரும். காரைக்காலின் மேல் ஒரு சுற்று. "அதோ எங்க தெரு! சார், எங்க மாடி! அத்தா கடை சார்!" என்று குதித்தான். கருக்களாச்சேரிப் பக்கம் கரையில் கட்டுமரங்கள் கிடந்தன, ஆட்கள் அண்ணாந்து கை ஆட்டினார்கள். அவன் திருப்பி ஆட்டினான். போகவர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அது நான் அவனுக்குக் கொடுத்த பரிசு என்று நினைத்துக்கொண்டான். இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

பெருநாளுக்கு முந்தின நாள் அவன் புத்தகத்தில் இருபத்தெட்டு மணி நேரம். சோலோ இல்லை. பெருநாள் கழிந்து நான்காம் நாள் தூக்குப்பாத்திரத்தில் வீட்டில் செய்த வட்டலப்ப இனிப்பு எடுத்துக்கொண்டு விடைபெற வந்தான். "எனக்கு வரல சார். நீங்க என்ன பண்ணுவீங்க, எவ்வளவோ பாத்தீங்க" என்றான். கண் சிவந்திருந்தது. அவன் போனபிறகு அந்த வட்டலப்பத்தை நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏர்லைனில் என்னை எடுத்துக்கொண்டார்கள். கழகத்தை விட்டு வரும் நாள் லாக் புத்தகத்தில் கையெழுத்து வாங்க சீஃபிடம் போனேன். அந்த மாதப் பக்கத்தை விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தார். வரிக்கு வரி ஹமீது பெயர்.

"போட்டுத் தரேன். எது எப்படி வந்த மணின்னு உங்களுக்குத் தெரியும்" என்றார். பேனாவை மூடியபிறகு சொன்னார்: "நான் கேள்வி கேட்டதோட நிறுத்திட்டேன். ஒரு தடவை நானே அவன் பக்கத்துல ஏறி உக்காந்திருக்கணும். அது என் தப்பு."

என் தப்பு என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உதவுமா என்று கேட்டார்களே, அதற்கு வருகிறேன். எண்பதுகளின் ஆரம்பத்தில் நான் துணை விமானி. ஒரு மழை நாளில் பெரிய கேப்டன் ஒருவரோடு இறங்கிக்கொண்டிருந்தேன். அனுபவசாலி, ஊரே மதிக்கிற ஆள். கண்ணாடியில் தண்ணீர் அடிக்கிறது, பாதை தெரியவில்லை, அவரோ இதோ வந்துவிடும் இதோ வந்துவிடும் என்று கீழே போய்க்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். ஒரு மனுஷன் தான் செய்வது சரியில்லை என்று தனக்குத் தெரிவதற்கு முன்பே அவன் கை இறுகிவிடும். நூற்றுக்கணக்கான இறக்கங்களில் முட்டி மேல் கையை வைத்துக்கொண்டு அடுத்தவர் கையையே பார்த்தவனுக்கு அது தெரியும். "வேணாம் சார், மேல போயிடலாம். இப்பவே" என்றேன். குரலை உயர்த்தவில்லை. போனார். இரண்டாம் முறை பாதை தெரிந்தபோதுதான் முதல் தடவை எவ்வளவு ஒதுங்கி வந்திருக்கிறோம் என்று புரிந்தது. பின்னால் நாற்பது பேர் இருந்தார்கள்.

இறங்கியபிறகு கேப்டன் கேட்டார். "இன்ஸ்ட்ரக்டரா இருந்தியா?"

"இருந்தேன் சார்."

"தெரியுது."

எனக்குக் கிடைத்த பாராட்டிலேயே பெரியது அதுதான். நான் கற்றுக்கொண்டது பொய்யில்லை. அதைக் கற்றுக்கொள்ள நான் உட்கார்ந்திருந்த இருக்கைக்குப் பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்திருந்தது என்பதும் பொய்யில்லை.

அதற்குச் சில வருஷம் கழித்து, நானே கேப்டன் ஆனபிறகு, போலகத்தில் அக்கா மகள் கல்யாணம். திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து காரைக்காலில் இறங்கினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளை வேன் பக்கத்தில் வந்து நின்றது.

"சார்! அந்துவான் சார்தானே?"

ஹமீது. சதை போட்டிருந்தான், காதோரம் லேசாக நரை. துபாயை முடித்துக்கொண்டு வந்துவிட்டானாம், அத்தா மவுத்தாகிக் கடை இப்போது அவன் பொறுப்பு. "போலகமா? ஏறுங்க சார், அந்தப் பக்கந்தான் போறேன்" என்று பையைப் பிடுங்கிப் பின்னால் போட்டான். அவன் வலப்பக்கம் ஓட்டினான், நான் இடப்பக்கம் உட்கார்ந்தேன். இடம் மாறியிருந்தது.

கடைத்தெரு தாண்டும்வரை பிள்ளைகளைப் பற்றிப் பேசினான். பிறகு சொன்னான்: "உங்களப் பத்தி வீட்டுல பேசாத நாளில்ல சார். வேற யாருன்னாலும் போய்த் தொலையட்டும்னு தனியா ஏத்தி விட்டுருப்பாங்க. நீங்க உள்ளதச் சொன்னீங்க. எம் புள்ளைங்கள்ட்டயும் சொல்லிருக்கேன், ஒங்க அத்தா உசுரோட இருக்கறதே அந்த மனுசனாலதான்னு."

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு சார். ரொம்ப நாளாக் கேக்கணும்னு. அந்த மொத நாளு, ரெண்டு நல்லா எறக்கிட்டேன். மூணாவதும் நல்லாத்தான் வருதுன்னு நெனச்சேன். அப்பதான் ஒங்க கை வந்துச்சு. காத்துகூட இல்ல அன்னிக்கு. அப்ப எனக்கே தெரியாம ஏதோ தப்புப் பண்ணிருக்கேன்ல? அது என்ன தப்பு சார்? துபாய்ல படுத்துக்கிட்டு எத்தனையோ நாளு ரோசன பண்ணிருக்கேன்."

வேன் அரசலாற்றுப் பாலத்தில் ஏறியது. ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். வேகம் என்றோ உயரம் என்றோ சொன்னால் நம்பியிருப்பான். பாலம் முடிந்தது.

"தப்பு ஒண்ணுமில்ல ஹமீது."

"சார்?"

"மூணாவதும் நல்ல எறக்கம்தான். எனக்கு மணி நேரம் கொறஞ்சுது. அதுக்காகக் கை வெச்சேன்."

அவன் வண்டியை ஓரம் கட்டினான். மேலே விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே மணி நேரம் இரண்டு புத்தகத்தில் ஏறும் என்பது அவனுக்கும் தெரிந்ததுதான். வைப்பர் கண்ணாடியில் போய்ப் போய் வந்தது.

"அந்த வாரம் பூராவுமா?"

"பூராவும். கடைசில நெசமாவே ஒனக்கு வராமப் போச்சு. அதுவும் என்னாலதான்."

"ஊரக் காட்ட கூட்டிட்டு வந்தது?"

"அதுவும் மணிக்குத்தான்."

அவன் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கின் மேல் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தான். உதடு மட்டும் அசைந்தது. எதைச் சொன்னாலும் உள்ளே ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்க்கும் அந்தப் பழைய பழக்கம். கடைசியில் வெளியே கேட்கும்படிச் சொன்னான்.

"அப்ப எனக்கு வந்துச்சு."

"வந்துச்சு" என்றேன்.

வண்டியை எடுத்தான். பட்டினம் தாண்டிப் போலகம் பிரிகிற முக்குவரை அவன் பாதையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க நாலைந்து தடவை வாயைத் திறந்தேன். என் குரலே எனக்குப் பிடிக்காமல் மூடிக்கொண்டேன். முக்கில் நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. குறுக்கே எட்டி என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான்.

"எறங்குங்க சார்."

மரியாதையாகத்தான் சொன்னான். பையை எடுத்து என் கையில் கொடுத்தான். நான் இறங்கி ஓரத்தில் நின்றேன். அவன் கதவைச் சாத்திக்கொண்டு, காலியாகிப்போன இருக்கையை ஒருமுறை பார்த்தான். வண்டி தனியாக நேரே போனது. கண்ணுக்கு மறையும்வரை அங்கேயே மழையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.